மரக்காணத்து வெறுங்கால்கள்

மரக்காணத்திற்கு நான் புறப்பட்டது உப்பளத்தைப் பார்ப்பதற்காகத்தான். அங்கே வரப்பின்மேல் உட்கார்ந்துகொண்டு, லண்டன் நகரத்துப் பக்கத்தில் என்றோ நடந்த ஓர் உதைபந்துப் பந்தயத்தை நினைத்துப் பெருமூச்சு விடப் போகிறேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், சித்திரை மாதத்து வெயில் அந்த மனிதரின் தலைக்கேறிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பேன்.

சென்னையிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் பிரயாணம். மகாபலிபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டிக் கடப்பாக்கத்திற்கு வந்தால், அங்கிருந்து ஒரு கிளைப் பாதை ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிறது. 1750-ஆம் ஆண்டில் முஸாபர் ஜங் அந்தக் கோட்டையைப் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர் வந்து இடித்துத் தள்ளினார்கள். இப்போது இடிந்த செங்கற் சுவர்கள் கழிமுகத்து நீரில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரரின் கதை அதோடு தீர்ந்துவிடவில்லை, மேலே வரும்.

மரக்காணத்தை நெருங்கியதும் பூமியின் நிறமே மாறிவிடுகிறது. சாலையோரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் சதுரம் சதுரமாகப் பாத்திகள். சிலவற்றில் நீர்; சிலவற்றில் பாலாடை போல் வெண்மை; கரையோரங்களில் உப்புக் குவியல்கள். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர் கூறுவர். ஊருக்குள் சோழர் காலத்துப் பூமீசுவரர் ஆலயம் இருக்கிறது. தென்புறமாய்க் கழுவேலி ஏரி. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளைவிப்பது உழவைப் போலவே ஒரு வேளாண்மை. மழைக்காலம் கழிந்து தை மாசியில் வேலை தொடங்கும். முதலில் பாத்திகளிலுள்ள சேற்றை அகற்றி, சிறிது நீர் பாய்ச்சி, தரையை நாட்கணக்காக மிதிக்க வேண்டும். சிமெண்டுத் தளம் போல் அது இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். இல்லாவிட்டால் நீரைத் தரை குடித்துவிடும், உப்பில் மண் கலந்துவிடும். அப்புறம் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைப்பார்கள். அதன் கனத்தை அளக்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. அதில் சுமார் 25 டிகிரி காட்டினால் உப்புப் பூக்கும் பருவம். அந்த டிகிரிக்குப் பெயர் போமே. அதைக் கண்டுபிடித்த அந்துவான் போமே என்பவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்!

என்னை அழைத்துச் சென்ற பெரியவர் நாற்பது வருஷங்களாக உப்பளத்தில் உழைப்பவர். "பாத்தியில் இறங்கும்போது காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று பட்டணத்துக்காரனுக்கே உரிய கேள்வியைக் கேட்டு வைத்தேன்.

"பூட்ஸ் போட்டா தரை பேந்து போயிடும், ஐயா. வெறுங்காலுக்குத்தான் தெரியும், எங்கே இளகியிருக்குது, எங்கே இறுகியிருக்குதுன்னு" என்றார். சொல்லிவிட்டுத் தம்முடைய பாதத்தைத் திருப்பிக் காட்டினார். காய்ந்த ஏரியின் அடித்தரையைப் போல் வெடித்திருந்தது. உப்பு நீர் அந்த வெடிப்புகளில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. உப்பளத்தில் உழைத்தவன் இறந்தால் உடல் முழுதும் வெந்தாலும் பாதம் வேகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை மிகை என்று எண்ணியிருந்தேன்.

சாயங்காலம் அளங்களுக்கு வெளியே ஒரு பொட்டலில் பையன்கள் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் செருப்புகள் இருந்தன. ஆனால் அவற்றைக் கழற்றி, கோல் கம்பங்களாக நட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓடினார்கள்! இரு கட்சியும் சமமாக இருந்தது. இருட்டுகிற நேரத்தில், கடைசி உதையில், ஒரு கட்சி தோற்றுப் போயிற்று. தோற்றவர்கள், செருப்பை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று வாதாடினார்கள். அப்போதுதான் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. பெரியவரும் பையன்களும் சுற்றி உட்கார, அந்தக் கதையைச் சொன்னேன்.

1948, ஜூலை 31. இந்தியா சுதந்திரமடைந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஒலிம்பிக்கில் நம் தேசத்து உதைபந்துக் குழு ஆடிய முதல் பந்தயம் அது. இடம், லண்டனை அடுத்த இல்போர்டு. எதிரி, பிரான்ஸ். மரக்காணத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்தில், பாண்டிச்சேரியில், அன்று பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது. அது இறங்குவதற்கு 1954, நவம்பர் 1-ஆம் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்முடைய தலைவர் நாகர் மலைப் பிரதேசத்தைச் சேர்ந்த தாலிமெரென் ஆவ். கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். நம்மவரில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமலே ஆடினார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், நாங்கள் ஆடுவது கால் பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ் பந்து என்று ஆவ் பதில் சொன்னாராம்.

முப்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸின் கூர்பென் ஒரு கோல் போட்டார். அதன் பிறகு நமக்கு ஒன்றல்ல, இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. பன்னிரண்டு கஜ தூரம். எதிரே கோல் காவலர் ஒருவர் மட்டும். சைலேன் மன்னா ஒன்றை உதைத்தார். மகாவீர் பிரசாத் மற்றொன்றை உதைத்தார். இரண்டும் வீண். எழுபதாவது நிமிஷத்தில் பெங்களூர் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கோல்! ஆட்டம் சமன். பிறகு, முடிய ஒரே நிமிஷம் இருக்கும்போது, பெர்சியோன் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். இரண்டுக்கு ஒன்று. தீர்ந்தது. பன்னிரண்டே நாளில் ஹாக்கியில் நம்மவர் பிரிட்டனை நான்கு கோல்களால் வென்று தங்கம் கொண்டுவந்த குதூகலத்தில் இந்தத் தோல்வி அமுங்கிப் போயிற்று.

ஆஸ்திரேலியாவில் வேறொரு தினுசு உதைபந்து உண்டு. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி; தவறி ஓரக் கம்பத்திற்குள் போனாலும் ஒரு புள்ளி. 1966-இல் மெல்போர்ன் இறுதிப் பந்தயத்தில் காலிங்வுட் கட்சியை செயின்ட் கில்டா 74-க்கு 73 என்று வென்றது அப்படித் தவறிய ஓர் உதையினால்தான். அந்த விதி இல்போர்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவறிய பெனால்டிகளுக்குத் தாராளமாக ஆளுக்கொரு புள்ளி கொடுத்தாலும், பிரான்ஸுக்கு 12, நமக்கு 8. அப்போதும் தோல்விதான்!

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "அந்த ரெண்டு உதையும், குறுக்கே யாரும் ஓடி வராம, நின்ன இடத்திலேயே உதைக்கிறதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்போ பூட்ஸ் இல்லாததாலே தோத்தாங்கன்னு சொல்றது நியாயமில்லீங்க."

இல்போர்டைப் பொறுத்தவரையில் அவர் சொன்னதே என் அபிப்பிராயமும். ஆனால் 1952-இல் ஹெல்சிங்கியில், குளிரில், யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று அடித்ததையும் நான் மறைக்கவில்லை. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956-இல் அதே மெல்போர்னில், பூட்ஸ் அணிந்த இந்தியா, ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து நான்காம் இடத்தைப் பிடித்தது. நெவில் டிசௌசா மூன்று கோல்கள் போட்டார். வெறுங்காலின் வீரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். முடிந்தால் இந்தப் பெரியவரின் பாதத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இதற்குள் தோற்ற கட்சிப் பையன் ஒருவன் எழுந்தான். "அந்தப் பெனால்டியை நான் அடிச்சிருந்தா உள்ளே போயிருக்கும், சார்!" என்றான். பன்னிரண்டு அடி எட்டி வைத்து, பந்தை நிறுத்தி, ஓடி வந்து உதைத்தான். பந்து செருப்புகளுக்கு மேலே பறந்து, வரப்பைத் தாண்டி, உப்புப் பூத்துக் கிடந்த ஒரு பாத்தியின் நடுவில் போய் விழுந்தது.

எல்லாப் பையன்களும் ஓடினார்கள். பெரியவர் ஓர் அதட்டல் போட்டு அவர்களை வரப்பிலேயே நிறுத்தினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே இறங்கினார். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே நின்று நின்று, உப்புப் பாளம் கலங்காமல் நடந்து போய், பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். வரப்பின்மேல் ஏறியதும் பந்தைக் கையால் துடைத்துக் கீழே வைத்து, அந்த வெடித்த காலால் ஓர் உதை விட்டார். பையன்கள் அதன் பின்னால் ஓடினார்கள்.