மடக்குக் கத்தி

மண்வெட்டியும் வாச்சியும் வேலை முடிந்ததும் வீட்டு மூலையிற் சார்த்தப்படுவன. உடையோடு உடையாக நாள் முழுவதும் மனிதனுடன் செல்லும் கருவி சிறு கத்தி ஒன்றுதான். ஆதலால் அதனைத் தெரிவு செய்வது விலையைப் பற்றிய வினா மட்டுமன்று. அதைச் சுமப்பவன் எங்கெங்கே செல்கிறான், யார் யார் முன்னிலையில் நிற்கிறான், எந்தக் கணத்தில் அது அவனுக்குத் தேவைப்படும் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. கற்பிட்டி மீனவர் ஒருவர் தம் வாழ்நாளில் மூன்று கத்திகளைச் சுமந்த கதை இதனைத் தெளிவாக்கும்.

புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான குடாநாடு கற்பிட்டி. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அங்கே இன்றும் நிற்கின்றது. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். அம்மண்ணில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் ஒரே காற்றையும் ஒரே மீனையும் நம்பி வாழ்கின்றனர். அவர்களுடைய தொழிலில் கத்திக்கு ஓய்வில்லை. வலை பொத்தும்போது நைலோன் நூலை அறுக்க வேண்டும். மீனின் வயிற்றைக் கீற வேண்டும். இயந்திரத்தின் சுழலியிற் சுற்றிக்கொண்ட கயிற்றைக் களைய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உயிருக்கு ஆபத்து நேரும்போது ஒரு கயிற்றை ஒரே இழுப்பில் துண்டிக்க வேண்டும். அந்தத் தேவை பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். ஆனால் அறிவித்துவிட்டு வராது.

அம்மீனவரின் முதற் கத்தி அவருடைய வாப்பா விட்டுச் சென்றது. லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த, மடங்காத, நாலங்குல அலகுள்ள கத்தி அது. தோல் உறையில் இட்டு, சாரத்தின் மேற் கட்டிய இடைவாரில் முப்பது ஆண்டுகளாக அதனை அவர் செருகியிருந்தார். கடற்கரையிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் அதை எவரும் பொருட்படுத்தியதில்லை. தச்சனுக்கு உளி எவ்வாறோ, மீனவனுக்குக் கத்தி அவ்வாறே என்பது ஊரார் அறிந்த உண்மை.

2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு அந்த உண்மையைக் குலைத்துவிட்டது. ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களைத் தொடர்ந்து வீடுகள் தோறும் சோதனைகள் நடைபெற்றன. மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். அன்றாடத் தொழிலுக்கான கத்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆயினும், எது தொழிற் கத்தி, எது ஆயுதம் என்பதைச் சோதனைச் சாவடியில் நின்று விளக்க வேண்டியவன் அதைச் சுமப்பவனே. அதே மாதம் 12ஆம் திகதி சிலாபத்திலே தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மறுநாள் பல ஊர்களுக்கும் பரவிற்று. புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, மீனவரின் மனைவி அந்தக் கத்தியை இடைவாரிலிருந்து தாமே உருவியெடுத்துப் பழந்துணியிற் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். கணவர் மறுப்பொன்றும் கூறவில்லை.

அதன்பின் அவர் வாங்கியது சட்டைப் பையில் மறையக்கூடிய ஒரு மடக்குக் கத்தி. நடைபாதைக் கடையிலே மலிவாகக் கிடைத்தது. அதன் அலகு பளபளத்தது. பிடியோ வண்ணப் பிளாத்திக்கு. வாங்கும்போது அவர் ஆராய்ந்தது ஒன்றே ஒன்று: அது வெளியே தெரியுமா, தெரியாதா என்பதே. கத்தி திறக்குமா என்று பார்க்க வேண்டிய கண், கத்தி மறையுமா என்று பார்த்தது. அச்சம் தெரிவு செய்த கத்தி அது.

ஓராண்டிற்குள் அதன் மூட்டில் உப்புப் படிந்து துருவேறியது. மாற்ற வேண்டுமென்று அவர் எண்ணாத நாளில்லை. ஆனால் 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. படகின் இயந்திரத்துக்கு வார்க்கவே பணம் போதாத காலத்தில், திறக்கச் சற்று இறுக்கமான ஒரு கத்தி பெருங் குறையாகத் தோன்றவில்லை.

2023 சனவரியில் ஒரு மாலை, அவரும் அவருடைய மருமகனும் படுப்புவலை விட்டுக்கொண்டிருந்தனர். படகு ஓடிக்கொண்டிருக்க, வலையின் அடிக்கயிற்று வளையமொன்று இளைஞனின் கணுக்காலிற் சுருக்கிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் அவன் படகின் பின்விளிம்புவரை இழுக்கப்பட்டு, விளிம்பைப் பற்றியவாறு, “மாமா!” என்று அலறினான். மீனவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுத்தார். ஈரக்கையின் நகம் அலகின் சிறு பள்ளத்தில் வழுக்கியது. துருவேறிய மூட்டும் அசையவில்லை. ஈற்றில் பல்லாற் கடித்து அலகை இழுத்துத் திறந்தார். கயிறு அறுந்தது, மருமகன் பிழைத்தான். ஆனால் அறுந்த வேகத்தில் அலகின் முதுகு படகின் விளிம்பில் மோதியது. பூட்டில்லாத அலகு மடங்கி அவருடைய வலக்கை நடுவிரலில் ஆழ இறங்கியது. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

காயம் ஆறிய பின், விடுமுறையில் வந்திருந்த பல்கலைக்கழக மாணவனான மகனையும் அழைத்துக்கொண்டு அவர் புத்தளம் நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றார். கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்று, முன்னர் வாங்கியதைப் போன்ற மலிவுக் கத்தி. மற்றொன்று, திருகாணி முடுக்கி, தகரம் திறப்பான், கத்தரிக்கோல் முதலியன பொருந்திய விலை உயர்ந்த கத்தி. மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விலையில் அழகேதுமற்ற ஒற்றையலகுக் கத்தி.

“கொஞ்சம் தண்ணி தாங்க தம்பி,” என்றார் மீனவர்.

“குடிக்கவா நானா?”

“கை நனைக்க.”

நனைந்த இடக்கையால் ஒவ்வொன்றையும் திறக்க முயன்றார். முதலிரண்டும் வழுக்கின. மூன்றாவதன் அலகிலே பெருவிரல் பொருந்தத்தக்க துளையொன்று இருந்தது. அது ஒரே தள்ளலிற் திறந்து, ‘டக்’ என்ற ஒலியோடு பூட்டிக்கொண்டது. திறந்த அலகின் முதுகை, விரல்களை அகற்றிப் பிடித்தபடி, மேசைப் பலகையில் மெல்லத் தட்டினார், மடங்கவில்லை. பின்னர் அலகை விளக்குக்கு நேரே பிடித்து, அது பக்கவாட்டில் ஆடுகிறதா என நோக்கினார்.

இச்சோதனையின் அருமையை உணரப் பிற நாட்டுக் கதையொன்று உதவும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியிலே யோசேப் ஒப்பினேல் என்பவர் 1890இல் உழவருக்கென எளிய மரப்பிடி மடக்குக் கத்தியொன்றை ஆக்கினார். விலை குறைந்த நல்ல கத்திக்கு உலகம் இன்றும் காட்டும் எடுத்துக்காட்டு அது. அதற்குங்கூட அலகை நிலைநிறுத்தும் சுழல்வளையம் 1955இலேதான் பொருத்தப்பட்டது. கூர்மை முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. கைக்குக் காவல் கிடைக்க அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

உலோகத்தைப் பற்றி மகன் தான் கற்றதைக் கூறினான். கரியுருக்கு எளிதிற் கூரேறும். உப்புநீரில் விரைவிற் துருவேறும். ஏறத்தாழப் பத்தரை வீதத்துக்குக் குறையாது குரோமியம் கலந்த கறையில் உருக்கு, தன்மேல் மெல்லிய படலமொன்றை ஆக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். எனினும் உப்பு அப்படலத்தையும் புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடியது.

“அப்போ துருப்பிடிக்காது எண்டு சொல்றதெல்லாம் பொய்யா மகன்?”

“பொய்யில்லை வாப்பா. கடலால வந்ததும் நல்ல தண்ணியில கழுவித் துடைக்க வேணும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில விட்டாப் போதும்.”

பல்வரிசை வெட்டிய அலகு நைலோனை விரைந்து அறுக்குமென்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினார். அது மழுங்கினால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுதல் அரிது என்று மீனவர் மறுத்தார். சற்றே கரடாகத் தீட்டிய நேரலகு கயிற்றை நன்றாகப் பற்றி அறுக்கும் என்பது அவர் அனுபவத்திற் கண்டது. தெரிவு செய்த கத்தியின் நுனி குத்தும் கூராக இன்றி முதுகிலிருந்து வளைந்து இறங்கியிருந்தது. ஆடும் படகிலே தவறிக் குத்திவிடாதிருக்கும் பொருட்டுக் கடலோடிகள் தொன்றுதொட்டு விரும்பிய வடிவம் அது. பிடியின் கடைசியிற் கயிறு கோக்க ஒரு துளையும் இருந்தது.

விலையைக் கேட்டு அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், மடங்காத நடுவிரலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தார்.

வீடு திரும்பியதும் அவர் செய்த மற்றொரு செயலும் குறிப்பிடத்தக்கது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து வாப்பாவின் கத்தியை எடுத்து, துருவை நீக்கித் தீட்டினார். அதற்குப் பிளாத்திக்குக் குழாய்த் துண்டொன்றில் உறை செய்து, படகின் பின் இருக்கைக்கு அருகே, இருவர் கையும் எட்டுமிடத்தில் இறுகக் கட்டினார். எத்துணைச் சிறந்ததாயினும் மடக்குக் கத்தி திறக்கப்பட வேண்டியது. ஆபத்தில் திறப்பதற்குரிய அந்த ஒரு நொடியும் மிச்சமாதல் நன்று. பையிலிருப்பது நிலத்துக்கும் நீருக்கும் பொது; படகிலிருப்பது கடலுக்கு உரியது.

இனக் கலவரம் ஓய்ந்த பின்னரும் அதன் அச்சம் மனிதரின் சிறு தெரிவுகளிலே தங்கிவிடுகின்றது. எதை அணிவது, எந்தப் பாதையால் நடப்பது, எந்தக் கத்தியை வாங்குவது என்பன வரை அது தீர்மானிக்கின்றது. அதன் விலையை ஓர் இளைஞனின் கால் ஏறக்குறையச் செலுத்தியிருக்கும். கருவியைக் கருவியாகக் காணும் உரிமையை மீட்டுக்கொண்ட பின்னரே அம்மீனவரால் நல்ல கத்தியொன்றைத் தெரிவு செய்ய முடிந்தது.

மறுநாள் விடியலில் படகேறுமுன் மருமகன் புதிய கத்தியைப் பார்க்கக் கேட்டான். அவர் அதை மடக்கியே அவனிடம் கொடுத்தார். “திறந்து பார். முதல்ல கையை நனைச்சுக்கொள்,” என்றார்.