ரங்கமணிக்கு சர்ஜன் தேடின கதை

பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடினாக்கூட இத்தனை பேரை விசாரிச்சிருக்க மாட்டேன். 2024-ல எங்க ரங்கமணியோட எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு சர்ஜன் தேடினோம். மூணு மாசம், மூணு டாக்டர், ஏழெட்டு பேஷண்ட். புனேல இருக்கற நம்ம ஜனங்க சிலபேர் அடிக்கடி இதைப்பத்திக் கேக்கறதால எழுதி வைக்கறேன்.

அப்போ ரங்கமணி 122 கிலோ, உயரம் 170 செ.மீ. பி.எம்.ஐ. 42. சர்க்கரைக்கு மாத்திரை போதாம இன்சுலின். ராத்திரி குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும். அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் நான் பக்கத்துல படுத்து எண்ணிட்டு இருப்பேன். டயட், ஜிம், நடை எல்லாம் பார்த்தாச்சு. 10 கிலோ குறைஞ்சு 12 கிலோ ஏறினதுதான் மிச்சம்.

திருச்சில மாமியாருக்கு இதுல சுத்தமா இஷ்டமில்லை. "நன்னா இருக்கற வயித்தை எதுக்குடி வெட்டணும்?"னு கேட்டாங்க. அந்த ஏப்ரல்லதான் சென்னைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில இதே ஆபரேஷனுக்குப் போன 26 வயசுப் பையன் இறந்துபோனான். பேப்பர்ல வந்த அந்தச் செய்தியை வெட்டி பூஜை அலமாரில வெச்சிருந்தாங்க. அவங்க பயத்துல தப்பே இல்லை. எங்களுக்கும் 'பண்ணலாமா'ங்கறதைவிட 'யார்கிட்ட'ங்கறதுதான் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

முதல்ல போன இடம் பளபளன்னு இருந்துச்சு. சுவர் பூரா 'முன்னே-பின்னே' போட்டோக்கள். ஒரு பொண்ணு உக்கார வெச்சு பேக்கேஜ் சொல்லுச்சு, ஈ.எம்.ஐ. சொல்லுச்சு, இந்த மாசக் கடைசிக்குள்ள புக் பண்ணினா தள்ளுபடின்னுச்சு. பேங்க்ல கார்டு விக்கறவங்க பேச்சு எனக்குத் தெரியாதா என்ன :-) டாக்டரைப் பார்த்தது கடைசி மூணு நிமிஷம். ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு "ஸ்லீவ் பண்ணிடலாம்"னார். வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுக்கற ஆபரேஷன் அது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதை முடிவு பண்ண மூணு நிமிஷம்!

ரெண்டாவது டாக்டர் நல்லாப் பேசினார். எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கேன்னு பெருமையா கணக்கும் சொன்னார். "அதுல எத்தனை பேருக்கு சிக்கல் ஆச்சு சார்?"னு கேட்டேன். "நெகடிவா யோசிக்காதீங்க மேடம்"னார். எழுந்து வந்துட்டோம்.

பேங்க்ல லோன் பக்கம் உக்காந்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். ஒழுங்கா கட்டினவங்க லிஸ்ட்டை வெச்சு ஒரு பிராஞ்சை எடை போட முடியாது. வாராக்கடனை என்ன பண்ணினாங்கன்னு பார்க்கணும். அதனால போட்டோல சிரிக்கறவங்களை விட்டுட்டு, சிக்கல் வந்தவங்களைத் தேட ஆரம்பிச்சேன். ஆபீஸ், தமிழ்ச் சங்கம், பையனோட ஸ்கூல்னு விசாரிச்சதுல நிறைய பேர் கிடைச்சாங்க. மூணு பேர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஒருத்தர் துணிக்கடை வெச்சிருக்கற குஜராத்திக்காரர். ஸ்லீவ் பண்ணி 40 கிலோ குறைஞ்சுடுச்சு. ஆனா நெஞ்செரிச்சல்ல ராத்திரி சாஞ்சு உக்காந்துதான் தூங்கறார். அவருக்கு ஏற்கெனவே எரிச்சல் இருந்திருக்கு. ஸ்லீவ்ல அது சிலபேருக்கு அதிகமாகும்னு யாரும் சொல்லலை, முன்னாடி எண்டாஸ்கோபியும் பார்க்கலை.

இன்னொருத்தர் நம்ம ஊர்ப் பையன், சாஃப்ட்வேர். வேற ஊர்ல பேக்கேஜ்ல பண்ணிட்டு வந்துட்டார். அப்புறம் யாரும் கூப்பிடலை, இவரும் போகலை. ரெண்டு வருஷம் கழிச்சு கால் மரத்துப்போய் பார்த்தா பி12 தரைமட்டம். ஆயுசு பூரா வைட்டமின் சாப்பிடணும்னு அப்பதான் தெரிஞ்சிருக்கு.

மூணாவது ஒரு மராட்டி டீச்சர். வீட்டுக்கு வந்த மூணாம் நாள் இதயம் படபடன்னு அடிச்சுக்கிச்சு, லேசா ஜுரம். ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினா டாக்டரே எடுத்திருக்கார். "கிளம்பி வாங்க, நானும் வர்றேன்"னாராம். ஸ்கேன்ல தையல் போட்ட இடத்துல கசிவு. மறுபடி ஆபரேஷன், மூணு வாரம் ஆஸ்பத்திரி. இவ்வளவையும் சொல்லிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு அவர்கிட்டயே பண்ணுங்க"ன்னாங்க. சிக்கல் வந்த பேஷண்டே சிபாரிசு பண்றாங்கன்னா அதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?

அவர்தான் எங்க மூணாவது டாக்டர். அதே கேள்வியை அவர்கிட்டயும் கேட்டேன். கசிவு எத்தனை பேருக்கு, திரும்ப அட்மிட் ஆனது எத்தனை பேர்னு நிதானமா சொன்னார். கடைசில, "ஒருத்தர் இறந்துட்டார். நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிடுச்சு"ன்னார். அதுக்கப்புறம் எதையெல்லாம் மாத்தினார்னும் சொன்னார். ரங்கமணி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். பயந்துட்டாரோன்னு நினைச்சேன். வெளியில வந்து, "இவர்கிட்டயே பண்ணிக்கறேன்"னார்.

அவரும் உடனே தேதி குடுக்கலை. எண்டாஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, மயக்க டாக்டர், மனநல ஆலோசகர்னு அலைய விட்டார். ராத்திரி மூச்சு மெஷின் மாட்டித் தூங்கிப் பழகிட்டு வரச் சொன்னார். ரங்கமணிக்கும் அமிலம் மேல ஏறிவர்ற தொந்தரவு இருக்குன்னு எண்டாஸ்கோபில தெரிஞ்சுது. அதனால ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ்னு முடிவாச்சு. முதல் இடத்துல மூணு நிமிஷத்துல முடிஞ்ச விஷயம்!

"திருச்சிக்கே வந்து பண்ணிக்கோங்க, பார்த்துக்க ஆள் இருக்கு"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னாங்க. நம்மளை மாதிரி வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இது பெரிய சபலம். ஆனா கசிவு மாதிரி சிக்கல் டிஸ்சார்ஜுக்கு அப்புறமும் வரலாம். அப்போ டாக்டர் அரை மணி நேர தூரத்துல இருக்கணும். ரசம் வெக்கறவங்க ரயில் ஏறி வரலாம், சர்ஜன் வர முடியாது. மாமியார்தான் ரயில் ஏறி வந்தாங்க. டயட் ஷீட்ல இருந்த பாசிப்பருப்புத் தண்ணியைப் பார்த்து முகம் சுளிச்சாலும், ரெண்டு மாசம் வேளை தவறாம வெச்சுக் குடுத்தாங்க.

2024 செப்டம்பர்ல ஆபரேஷன். ஒரு வருஷத்துல 86 கிலோ. இன்சுலின் நின்னுடுச்சு, ஒரே ஒரு மாத்திரை. மெஷினும் பரண்ல.

டாக்டரைப் பார்க்கப் போறவங்க இதையெல்லாம் கேளுங்க:

1. எனக்கு ஏன் இந்த ஆபரேஷன், ஏன் மத்தது இல்லை?
2. உங்ககிட்ட பண்ணினவங்கள்ல எத்தனை பேருக்கு சிக்கல் வந்துச்சு? அப்போ என்ன பண்ணினீங்க?
3. ராத்திரி போன் பண்ணினா யார் எடுப்பாங்க? ஐ.சி.யூ. அங்கேயே இருக்கா?
4. அஞ்சு வருஷம் கழிச்சு என்னை யார் பார்ப்பாங்க?
5. எனக்கு ஊசி போதாதா? (2025 மார்ச்ல மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தாச்சு. நிறுத்தினா எடை திரும்ப ஏறலாம்ங்கறதையும் அவரே சொல்லணும்.)

இன்ஷூரன்ஸ் பத்தி: 2019-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40-க்கு மேல, இல்லேன்னா 35-க்கு மேல இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி ஏதாவது இருந்தா க்ளெய்முக்கு வழி உண்டு. உங்க பாலிசில காத்திருப்புக் காலம் எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க.

இன்னும் ஒண்ணு, ட்ரான்ஸ்ஃபர் ஜாதகம் உள்ளவங்களுக்கு. என்ன ஆபரேஷன், எப்போ, வருஷா வருஷம் என்ன டெஸ்ட் (பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம்), எந்த மாத்திரை ஆகாதுன்னு டாக்டர்கிட்ட ஒரே தாள்ல எழுதி வாங்கிக்கோங்க. பைபாஸ் பண்ணினவங்களுக்கு ப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை வயித்துல புண்ணாக்கும். இது புது ஊர்ல மூட்டுவலிக்குப் பார்க்கற டாக்டருக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்ல அந்தத் தாள் எல்.ஐ.சி. பத்திரத்தோட இருக்கு. அடுத்த ஆர்டர் வந்தா பாத்திரம் பண்டத்துக்கு முன்னாடி பேக் ஆகப் போறது அதுதான்.