வைஃபையை அணைத்தால் கேபிள் போச்சு!

ஆசஸ் கம்பெனியின் ஈ பிசி ஞாபகம் இருக்கிறதா? 2007ல் வந்த குட்டி லேப்டாப். 7 அங்குலத் திரை, 4 ஜிபி ஃபிளாஷ் மெமரி, வாங்கும்போதே உள்ளே லினக்ஸ். முதல் மாடலின் பெயர் 701. அதில் எஃப்என் கீயையும் எஃப்2 கீயையும் சேர்த்து அமுக்கினால் வைஃபை அணையும், மறுபடி அமுக்கினால் வரும். வரணும். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த ஒரு பட்டனுக்காக லினக்ஸ் டெவலப்பர்கள் பட்ட பாடு ஒரு முழுப் பதிவுக்குத் தாங்கும் :-)

சாதாரணமாக வைஃபையை அணைப்பது என்றால் கார்டு அங்கேயே இருக்கும், ரேடியோ மட்டும் நிற்கும். ஈ பிசியின் பயாஸ் அப்படிச் செய்யாது. பட்டனை அமுக்கியதும் வைஃபை கார்டையே பிசிஐ பஸ்ஸிலிருந்து மறைத்துவிடும். யாரோ பின்பக்க மூடியைக் கழற்றி கார்டை உருவிக்கொண்டு போன மாதிரி. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ கார்டு இன்னும் இருப்பதாகவே நினைப்பு. இல்லாத கார்டோடு டிரைவர் பேசிக்கொண்டிருக்கும்!

ஓடும்போதே சாதனம் வருவதும் போவதும் புதிதல்ல, அதற்குத்தான் ஹாட்பிளக் டிரைவர்கள் இருக்கின்றன. அதற்கு முறைப்படி இரண்டு வழி. ஒன்று, ஏசிபிஐ ஹாட்பிளக். பயாஸ் ஒரு தகவல் அனுப்பும், ஆபரேட்டிங் சிஸ்டம் அதைப் பார்த்து வேண்டியதைச் செய்யும். இன்னொன்று, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் கட்டுப்பாட்டையே ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டு வாங்கிக்கொள்வது. ஈ பிசி தகவல் அனுப்பும், ஆனால் முதல் வழியின் விதிகளின்படி அனுப்பாது. இரண்டாவது வழிக்கு அனுமதி கேட்கலாம் என்றால், அனுமதி கொடுக்கும் பகுதியே அந்த பயாஸில் எழுதப்படவில்லை. மனு வாங்கும் கவுன்டரே இல்லாத ஆபீஸ்!

கொஞ்ச நாள் ஆட்கள் குறுக்கு வழியில் ஓட்டினார்கள். லினக்ஸ் பூட் ஆகும்போதே, அனுமதி இல்லாவிட்டாலும் ஸ்லாட்டைக் கையில் எடுத்துக்கொள் என்று ஹாட்பிளக் டிரைவருக்குக் கட்டாய ஆப்ஷன் கொடுப்பது. பிறகு 2009ல் மேத்யூ காரெட் என்ற டெவலப்பர் வேறு வழியில்லை என்று ஹாட்பிளக் வேலையை ஈ பிசிக்கென்றே இருந்த டிரைவருக்குள் எழுதினார். பயாஸ் தகவல் வந்ததும் டிரைவர் வைஃபையின் நிலையைப் பார்க்கும். அணைந்திருந்தால் பஸ் 1ல் இருக்கும் கார்டைக் கணக்கிலிருந்து எடுக்கும், இல்லாவிட்டால் சேர்க்கும். 700, 900, 901 மாடல்களில் நன்றாக வேலை செய்தது. சுபம் போட்டிருக்கலாம்...

போடவில்லை. பஸ் 1 என்பதை டிரைவருக்குள் நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம் வந்த 1005எச்ஏ மாதிரியான மாடல்களில் வைஃபைக்கு இந்த ஹாட்பிளக் வித்தையே தேவையில்லை. பயாஸ் மட்டும் பழக்கதோஷத்தில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. டிரைவரும் பஸ் 1க்குப் போய் அங்கே இருந்த கார்டைத் தூக்கியது. அங்கே இருந்தது கேபிள் நெட்வொர்க் கார்டு! வைஃபையை அணைத்தால் கேபிளும் சேர்ந்து போனது. பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகியவரை நினைத்துப் பாருங்கள். எந்த வழியாகத் தீர்வு தேடுவது? அந்த வழியைத்தான் டிரைவர் அடைத்துவிட்டதே.

முதல் வைத்தியம், கருப்புப் பட்டியல். மாடல் பெயர் 1005எச்ஏ என்றிருந்தால் ஹாட்பிளக் வேண்டாம். பிறகு 1201என். பிறகு 1005பிஇ. லேப்டாப் டிரைவர்களில் இந்த மாதிரிப் பட்டியல்கள் ஏராளம், சில இடங்களில் அதைவிட்டால் கதியும் இல்லை. ஆனால் இதில் ஒரு கொடுமை உண்டு. ஒவ்வொரு பெயரும் பட்டியலில் ஏற, முதலில் யாராவது ஒருவர் நெட்வொர்க்கை இழந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, புகார் எழுத வேண்டும். புகார் எழுதத் தெரியாதவரின் மாடல் பட்டியலுக்கு வரவே வராது.

2010ல் வேறொரு டெவலப்பர் கொண்டுவந்த திருத்தம்தான் உருப்படியானது. மாடல் பெயரை அது கேட்பதே இல்லை. பிசிஐயில் கார்டு இல்லாத இடத்தைப் படித்தால் 32 பிட்டும் 1 ஆகத்தான் வரும். கார்டு இருந்தால் தயாரிப்பாளர் எண் வரும். ஆகவே கார்டைத் தூக்குவதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை படித்துப் பார். வைஃபை அணைந்துவிட்டது என்று பயாஸ் சொல்கிறது, ஆனால் அந்த இடத்தில் ஒரு கார்டு பதில் சொல்கிறது என்றால் அது வைஃபை கார்டாக இருக்க முடியாது. கை வைக்காதே. இந்த மாடலுக்கு ஹாட்பிளக் பொருந்தாது போலிருக்கிறது என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடு.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதல்ல, பேங்க் ரீகன்சிலியேஷன்தான். கேஷ் புக் ஒன்று சொல்கிறது, பாஸ் புக் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது எதையாவது ஒன்றை நம்பி கணக்கை முடித்துவிடக் கூடாது. இந்தச் சோதனையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஹாட்பிளக் நிஜமாகவே தேவைப்படும் மெஷினில் இரண்டு கணக்கும் என்றைக்காவது ஒத்துப்போகாவிட்டால், டிரைவர் ஒதுங்கி நிற்கும், வைஃபை திரும்ப வராது. இருந்தாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதால் வரும் நஷ்டத்தைவிட, தப்பான கார்டைப் பிடுங்குவதால் வரும் நஷ்டம் பெரிது.

இதில் ரொம்பப் பிடித்த விஷயம், அந்த டெவலப்பர் இதைச் சோதித்த விதம். அவர் சோதித்தது ஒரு பழைய 701ல். அதுவோ ஒழுங்காக வேலை செய்யும் மாடல்! என்ன செய்தார் தெரியுமா? டிரைவரில் எழுதியிருந்த பஸ் எண்ணை வேண்டுமென்றே தப்பாக மாற்றினார். நல்லாயிருந்த 701 அந்த நிமிடமே நோயாளி ஆகிவிட்டது. பட்டனை அமுக்கிப் பார்த்தார். தப்பான கார்டை டிரைவர் தொடவில்லை.