கணினிக்குள் ஒரு துணிப்பெட்டி

நோன்பு மாதம் நெருங்கும்போது துணிப்பெட்டிகளைத் திறந்து ஒழுங்கு செய்வது நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். சிறுத்துப் போனவை உறவினர் பிள்ளைகளுக்குச் செல்லும். உடுத்தத் தக்கவை ஏழை எளியோருக்குச் செல்லும். நைந்தவை அடுப்படித் துணியாகும். இதே வேலையைக் கணினிக்குள்ளும் செய்ய நேர்ந்தது என்று நான் கூறினால் வாசகர்களுள் சிலர் நகைக்கக் கூடும். திருவண்ணாமலையில் வாழும் என் தங்கை மகளுக்காகச் சென்ற கோடை விடுமுறையில் இரண்டு மாலைப் பொழுதுகளை நான் அவ்வேலையில் செலவிட்டேன்.

அவள் ஆடுவது 'சிம்ஸ் 4' என்னும் விளையாட்டு. இதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, உண்ணவும் உறங்கவும் வேலைக்குப் போகவும் வைப்பதே ஆட்டம். 2000-ஆம் ஆண்டில் இதன் முதற்பதிப்பை உருவாக்கியவர் வில் ரைட் என்னும் அமெரிக்கர். 1991-இல் ஓக்லண்ட் மலைப் பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்தது. இழந்த பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்கும்போது, மனிதன் வாழ எவையெவை தேவை என்று எண்ணிய எண்ணமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. அத்தகைய விளையாட்டில்தான் இன்று தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது!

குவிவதற்குக் காரணம் உண்டு. நான்காம் பதிப்பின் அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பைத் தெருக்களின் உடைப் பாணியைத் தழுவிய சிறு தொகுப்பு ஒன்றை அந்நிறுவனமே 2021-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆயினும் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் மனம் அதனால் நிறைந்துவிடுமா? உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தாமே வரைந்த சேலை, தாவணி, முக்காடு, கவுன் ஆகியவற்றைப் பெரும்பாலும் விலையின்றியே வழங்குகின்றனர். அவற்றை இறக்கி 'மாட்ஸ்' என்னும் கோப்புறையில் இட்டால், விளையாட்டு அவற்றைத் தன் அலமாரியில் சேர்த்துக்கொள்ளும். பட்டுக்குப் பேர்போன ஆரணி எங்கள் மாவட்டத்திலேயே இருக்க, இவளோ முன்பின் அறியாத யாரோ நெய்த சேலைகளைத் திரையில் சேர்த்து வைத்திருந்தாள்! மொத்தம் ஏறத்தாழ 1,200 கோப்புகள். எதற்கும் ஒழுங்கான பெயரில்லை.

ஒருநாள் உடை மாற்றும் அறையைத் திறந்த மாத்திரத்தில் விளையாட்டு உறைந்து நின்றது. பழுது எந்தக் கோப்பில் என்று எவ்வாறு அறிவது? பழைய படங்களைச் சேமித்து வைக்கும் 'லோக்கல்தம்ப்கேச்' என்னும் கோப்பை முதலில் நீக்கினோம். அதை நீக்குவதால் தீங்கில்லை. விளையாட்டு தானே புதியதொன்றை ஆக்கிக்கொள்ளும். பயனில்லை. பிறகு பாதிப் பாதியாகப் பிரிக்கும் முறையைக் கைக்கொண்டோம். கோப்புகளில் பாதியை வெளியே எடுத்து வைத்து விளையாட்டைத் திறப்பது. பழுது நின்றால் எடுத்த பாதியில் குற்றம், நீடித்தால் இருக்கும் பாதியில் குற்றம். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குவது. 1,200 என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும் பதினொரு முறைக்குள் ஒன்றில் வந்து நிற்கும். ஆனால் அவளுடைய பழைய மடிக்கணினி ஒவ்வொரு முறையும் திறந்து முடிப்பதற்குள் ஒரு தேநீர் ஆறிவிடும்.

இரண்டாம் முறை திறந்தபோது அவள், "மாமு, நன்னி!" என்று பதறினாள்.

திரையில் வெறுந்தலையுடன் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். என் தாயார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய துணிமணிகளை வழக்கப்படி பிறருக்குக் கொடுத்துவிட்டோம், அது முறையே. வெளியே செல்கையில் அவர் அணிந்த வெள்ளைத் துப்பட்டியும் யாருக்கோ போயிற்று. பேத்தி கேட்கவுமில்லை, நாங்கள் நினைக்கவுமில்லை. ஆனால் அவள் தன் விளையாட்டு வீட்டில் நன்னியை உருவாக்கி, பல நாள் தேடி, அதே சாயலில் ஒரு வெள்ளை முக்காட்டைக் கண்டெடுத்து அணிவித்திருக்கிறாள். அந்தக் கோப்பு நாங்கள் வெளியே எடுத்து வைத்த பாதியில் இருந்தது.

"சேமிக்காமல் வெளியே வா" என்றேன். சேமித்திருந்தால் வெறுந்தலையே நிலைத்திருக்கக் கூடும். கோப்பைத் திரும்ப வைத்ததும் முக்காடு திரும்பியது. அவள் முகமும் தெளிந்தது.

அதன்பின் வேலையின் வரிசையையே மாற்றினோம். முதலில் வீட்டு மனிதர் ஒவ்வொருவரும் உடுத்தியிருப்பது எது என்று பார்த்து அவற்றைத் தனியே ஒதுக்கினோம். உடை மாற்றும் அறையில் வெளியிலிருந்து வந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. ஆனால் அது பழுது நீங்கிய பிறகே பயன்படும். நன்னியின் முக்காட்டுக்கு இரண்டு கோப்புகள் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. வடிவத்தை ஒருவர் செய்திருக்கிறார். வெள்ளை நிறத்தை வேறொருவர் ஏற்றியிருக்கிறார். பெயர்களைப் பார்த்தால் இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. 'இது என்னவோ' என்று ஒன்றை அழித்திருந்தால் மற்றதும் வீணாகியிருக்கும். ஆகவே பெயர் புரியாததை அழிப்பதும், பிடிக்காததை அழிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு விசாரணை வேண்டும்.

குற்றவாளி பதினொன்றாம் முறையில் அகப்பட்டது. பாதியிலேயே இறக்கம் நின்றுபோன ஒரு தொப்பி! அதை யாரும் அணிந்ததே இல்லை.

மீதமிருந்தவற்றைச் சேலை, முக்காடு, செருப்பு, பிள்ளைகள் உடை எனக் கோப்புறைகளாகப் பிரித்தோம். ஆடைக் கோப்புகளை ஐந்து அடுக்கு உள்ளே வரை விளையாட்டு தேடிப் படிக்கும்; அதற்கும் ஆழத்தில் புதைத்தால் கண்டுகொள்ளாது. ஆட்டத்தின் போக்கையே மாற்றும் 'ஸ்கிரிப்ட்' கோப்புகளுக்கோ ஓரடுக்கே எல்லை. விளையாட்டு புதுப்பிக்கப்படும் போதெல்லாம் இவையனைத்தும் தாமாகவே நிறுத்தப்படும். அமைப்புப் பகுதிக்குச் சென்று மீண்டும் அனுமதிக்க வேண்டும். இதை அறியாத பிள்ளைகள் எல்லாம் தொலைந்ததென்று அழுவதுண்டு.

அழிப்பது அவள் பொறுப்பென்று விட்டுவிட்டேன். கவுன்களில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. செருப்புகளைத் தயங்காமல் நீக்கினாள். இறுதியில் 312 கோப்புகள் எஞ்சின. இதுவும் அதிகமென்பது என் கருத்து. அவள் அதை ஏற்கவில்லை. 'நன்னி' என்று தமிழிலேயே பெயரிட்ட கோப்புறையில் இரண்டு கோப்புகள் மட்டும் இருக்கின்றன. அவற்றை ஒரு பென் டிரைவிலும் படியெடுத்துக் கொடுத்தேன். என் தங்கை அதனை வாங்கி, வீட்டுப் பத்திரங்கள் உள்ள தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.