வாய் அகன்ற இழைப்புளி

பழைய தச்சுக் கருவியொன்றைப் பழுதுபார்க்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, அதன் உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்பதே. மேலைநாட்டு இரும்பு இழைப்புளிகளுக்கு இக்கேள்விக்கு ஓரளவு விடையுண்டு. 1869இல் லெனார்டு பெய்லியின் காப்புரிமைகளை வாங்கிய ஸ்டான்லி நிறுவனம், அளவு மாறாத உறுப்புகளைப் பெருமளவில் செய்தது. ஒன்றின் அலகு அதே எண்ணுடைய மற்றொன்றிலும் அமரும். ஆயினும் அதன் கைப்பிடித் திருகின் தடிமனும் மரையும் பொதுவழக்குக்கு மாறானவை. அது தொலைந்தால் கடைத்தெருத் திருகு உதவாது.

எங்கள் தாத்தா விட்டுச்சென்ற இழைப்புளிக்கோ நிறுவனமும் இல்லை, எண்ணும் இல்லை. கட்டையைச் செதுக்கியவர் அவரே. அலகை அடித்துக் கொடுத்தவர் அடுத்த தெருக் கொல்லர். உதிரிபாகம் என்ற சொல்லுக்கே அவ்வுலகில் தேவை இருந்திராது.

அதில் இரண்டு குறைகள் இருந்தன. அலகு சாணை பிடித்துப் பிடித்துக் குட்டையாகி, ஆப்பின் பிடிக்குள் நிற்க மறுத்தது. வாயும் அகன்றுவிட்டது. அலகு சாய்ந்து அமர்வதற்காக வெட்டப்படும் வாய், உள்ளே போகப் போக விரியும். தேய்ந்த அடிப்பரப்பைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த விரிவு வெளியே வந்துவிடும். வாய் அகன்றால் அலகுக்கு முன்னே மரத்தை அழுத்திப் பிடிக்க ஏதுமில்லை. சீவல் சுருளாமல் மரம் பிய்ந்து வரும்.

புதுக் கட்டை செய்துவிடுவது எளிது என்றார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கட்டையின் இடப்புறத்தில் அவர் கட்டைவிரல் தேய்த்த குழி ஒன்று உண்டு. அவருடைய நிழற்படம்கூட எங்களிடம் இல்லை; எஞ்சியிருப்பது அந்தக் குழிதான். எனவே வாயின் முன்புறம் மட்டும் ஒரு பள்ளம் வெட்டி, கட்டையின் ரேகை ஓடும் திசையிலேயே புளியமரத் துண்டொன்றைப் பதித்தோம்.

அலகுக்காகக் கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்குப் போனோம். மலையிலிருந்து வருவோரின் கொடுவாளும் மண்வெட்டியும் தீட்டும் முதியவர் ஒருவர் அங்கே உலை வைத்திருந்தார். "அலகு கேட்டு யாரும் வந்து வெகுகாலம் ஆச்சு, தம்பி" என்றார். லாரியின் பழைய கமான் பட்டையைக் காய்ச்சி, தட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். வடிவம் அரத்தால் திருத்தப்பட்டபின் மீண்டும் செந்தழலாக்கி எண்ணெயில் தோய்த்தார். அந்நிலையில் எஃகு கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியது. ஆகவே மினுக்கிவிட்டு இளஞ்சூட்டில் காட்டினார். அலகின் முகத்தில் வைக்கோல் நிறம் படர்ந்த கணத்தில் எடுத்துவிட்டார். நீலம் பாயும்வரை விட்டிருந்தால் கூர் நிற்காது. வெப்பமானி ஏதுமில்லை, கண் ஒன்றே கருவி.

இதே மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில், மூசைகளில் இரும்பை உருக்கி உயர்கரி எஃகு செய்த பழங்காலப் பட்டறையின் எச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1994இல் எழுதினார். உலகம் வூட்ஸ் என்று வியந்த எஃகு அது. அந்த மண்ணில் இன்று ஓர் அலகுக்குக் கழித்துப்போட்ட லாரிப் பட்டையை நாடுகிறோம். இதில் வருந்த ஏதுமில்லை. நல்ல எஃகு எங்கிருந்து வந்தாலும் நல்ல எஃகே. வருந்தவேண்டியது வைக்கோல் நிறத்தை அறிந்த கண்கள் குறைவதற்கே.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. ஆயின் அக்குறியீடு சிற்பத்துக்குத்தான் காப்பு. சிற்பியின் உளியை அடிப்பவருக்கு அன்று. உளி தேயும், உடையும். அன்று அதே வளைவில் இன்னொன்றை அடித்துத்தர அருகில் ஓர் உலை எரியவேண்டும்.

வீட்டுப் பரணில் இத்தகைய கருவி வைத்திருக்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அதை எண்ணெய் தடவிக் காட்சிக்கு வைக்காதீர்கள். உங்கள் ஊர்க் கொல்லரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் உலையை அணைப்பதற்குள்.