முதல் வரி யாருக்கு

ஜூன் 2, 2024. ஞாயிறு
லேப்டாப் கடையிலிருந்து வந்துவிட்டது. ஆன் செய்தால் மெனுவே இல்லை. நேராக விண்டோஸ்.
மெனுவைக் காட்டும் கிரப் போச்சு. டிஸ்கின் முதல் செக்டாரில் பூட் கோடுக்கு இருப்பதே 446 பைட். அதில் விண்டோஸ் தன்னை எழுதிக்கொண்டது. கேட்டால், "பழசு எதையும் தொடலக்கா" என்கிறான் கடைப் பையன். என் இரண்டு லினக்ஸும் என்ன ஆயின? டெபியன் இருக்கிறதா? பாஸ் இருக்கிறதா? ராத்திரி பத்தாகியும் மலைப்பாறையின் சூடு இறங்கவில்லை. தூக்கம் வராது.

ஜூன் 3
பென்டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டுப் பார்த்தேன். எஸ்டிஏ5 டெபியன். எஸ்டிஏ6 பாஸ். அப்படியே இருக்கின்றன. தொண்டை அடைத்தது.
இந்த லேப்டாப் ப்ளஸ் டூவில் வாங்கியது. மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்துவிட்டது. சி-டாக்கின் பாஸ் லினக்ஸில்தான் முதன்முதலாகத் தமிழில் டைப் அடித்தேன். இப்போது யாரும் திறப்பதில்லை. அழிக்க மனசில்லை.
எந்த பூட் லோடர் போடுவது? ரீஃபைண்ட் அழகு, ஐகான் ஐகானாக. யுஇஎஃப்ஐ கேட்கும். சிஸ்டம்டி-பூட்டும் கேட்கும். லிலோவை 2015-லேயே நிறுத்திவிட்டார்கள். இதுவோ பழைய பயாஸ் மெஷின். கிரப்தான். இதற்கா அரை நாள் படித்தேன்!

ஜூன் 4
ஓட்டு எண்ணிக்கை. வீடு முழுக்க டிவி சத்தம். கிரப் வேலையை ஆரம்பித்ததும் கரண்ட் போனது. பேட்டரி செத்து எத்தனையோ வருஷம். மெஷினும் படுத்தது. நானும் படுத்தேன்.

ஜூன் 5
டெபியனை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட். பிறகு கிரப்-இன்ஸ்டால், எஸ்டிஏ. பின்னால் நம்பர் கூடாது. பார்ட்டிஷனுக்கு இல்லை, முழு டிஸ்குக்கு.
ரீபூட். மெனு! கை தட்டிவிட்டேன்.
டெபியன் மட்டும். விண்டோஸ் இல்லை. பாஸ் இல்லை. திரும்பவும் எரிச்சல்.

ஜூன் 6
கிரப் 2.06-லிருந்து ஓஎஸ்-ப்ரோபரை அணைத்தே வைக்கிறார்கள். பாதுகாப்புக்காம். மற்ற சிஸ்டங்களைத் தேடுவதே அதுதான். இடிசி, டிஃபால்ட், கிரப் ஃபைலில் 'டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரிக்கு ஃபால்ஸ் போட்டேன். அப்டேட்-கிரப்.
மூன்றும் வந்தன. பாஸ் கடைசியில். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான்.

ஜூன் 8
விருந்தாளிகளோடு எங்கள் மலையின் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறினேன். முட்டி வலி. குகையில் 17 கல் படுக்கை. சமண முனிவர்களுக்கு ஆளுக்கொன்று. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு லேப்டாப்.
"விண்டோஸ்தான் முதல்ல வரணும்" என்கிறார் அத்தான். அவர் மகன் குட்டியும் அவர் பக்கம். சரி. 'டிஃபால்ட்' வரியில் சேவ்ட், 'சேவ்டிஃபால்ட்' வரியில் ட்ரூ. கடைசியாக எதைத் திறந்தார்களோ அதுவே அடுத்தும் வரும். எல்லோருக்கும் நியாயம்.

ஜூன் 10
பள்ளிக்கூடம் திறந்தாச்சு. குட்டி ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். பாடப்புத்தகத்தில் விண்டோஸும் இருக்கிறது, உபுண்டுவும் இருக்கிறது.
"டெபியன்ல போட்டுப் பாருடா."
"சரி சித்தி."
ராத்திரி ஆன் செய்தேன். தானாக விண்டோஸ்.

ஜூன் 12
அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆன் செய்தேன். திரும்பி வந்தால் விண்டோஸ். அப்டேட் வேறு ஓடுகிறது, அணைக்காதே என்கிறது. பாலும் பொங்கிவிட்டது. நியாயமாவது மண்ணாவது.

ஜூன் 13
சேவ்ட் எடுத்தாச்சு. டிஃபால்ட் பூஜ்யம், அதாவது மெனுவின் முதல் வரி, டெபியன். டைம்அவுட் பத்து விநாடி. விண்டோஸ் வேண்டியவர்கள் அம்புக்குறியை அழுத்தட்டும், விரல் தேயாது. பாஸ் கடைசி வரியில் இருக்கும், அதில் பேச்சே இல்லை. லைவ் பென்டிரைவ் பீரோவில், சாவி என்னிடம்.