இருபத்து நால்வர்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தின் உச்சியில் உயர்ந்த கோபுரமொன்று நிற்கிறது. கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. இவ்வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றியது அவரது அறிவும் திறமையுமே என அங்குள்ள கல்வெட்டு சாற்றுகிறது. திட்டமிட்டது அவராக இருக்கலாம். பாறையை உடைத்து மண்ணைச் சுமந்தவர்களோ, இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்ட கிராமத்து மக்கள். அவ்வூழியத்தை ஒழிக்கும் கட்டளை பிறந்ததும் அதே 1832இல்தான். கல்வெட்டில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வழியில் எந்தக் கல்லைக் கண்டாலும் நின்று வாசிப்பது ஆசிரியர்களுக்குள்ள வியாதி. மாணவரையும் வாசிக்க வைப்பது அதனினும் பெரிய வியாதி. மலையகப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த நாளில், மாணவர் சிலரைக் கண்டி மகியாவையிலுள்ள மயானத்துக்கு அழைத்துச் சென்றது இந்த வியாதியினால்தான். ஜேம்ஸ் டெய்லர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல், பதினாறு வயதில், ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர். தேயிலை, சிங்கோனா ஆகிய இரு தொழில்களுக்கும் முன்னோடி என்றும், 1892 மே 2ஆம் நாள் தமது 57ஆவது வயதில் காலமானார் என்றும் கல் கூறுகிறது.

அவரது இறுதிப் பயணத்தை நான் மாணவர்க்கு விவரித்தேன். டெய்லர் மிகப் பருத்த மனிதர். லூல்கந்துரவிலிருந்து கண்டி ஏறத்தாழப் பதினெட்டு மைல், மலைப்பாதை. பன்னிருவர் கொண்ட இரு குழுவினர், நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, அவரது உடலைச் சுமந்து வந்தனர். தொழிலாளர் அவர்மீது கொண்டிருந்த பற்றுக்குச் சான்றாகவே இதை எல்லோரும் சொல்வது வழக்கம். நானும் அந்தக் குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் நின்ற மாணவியொருத்தி கேட்டாள்:

“அவங்களுக்கு அன்னிக்கு அரைப் பேராச்சும் போட்டிருப்பாங்களா சேர்?”

மாணவர் அனைவரும் சிரித்தனர். எனக்கு மட்டும் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வரலாறு கற்பிக்க வந்தவன். தோட்டத்தில் ஒருநாள் வேலை கணக்கில் பதிவதையே ‘பேர் போடுதல்’ என்பர் என்றும், குறித்த இறாத்தல் கொழுந்து நிறைவேறாவிட்டால் அன்றைக்கு ‘அரைப் பேர்’, அதாவது பாதிச் சம்பளம் என்றும் மாணவர்களே எனக்கு விளக்கினர். ஒரு மனிதனின் பெயரையே இரண்டாகப் பிளக்கும் இச்சொல்லை ஐந்து ஆண்டுகள் அவர்கள் நடுவே வாழ்ந்தும் நான் அறிந்திருக்கவில்லை. இன்றும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு என்னால் உறங்க இயலவில்லை. பெயர்கள் எழுதப்படாமற் போகவில்லை. செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்டன. கங்காணியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டிலும் எழுதப்பட்டன. 1921இல் சட்டம் அதைத் தடைசெய்யும்வரை, கடனோடு சேர்த்து மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். எழுதுவோர்க்குத் தேவையான இடத்திலெல்லாம் பெயர் இருந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இத்தீவில் பிறந்தமைக்கு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தமைக்கு அத்தாட்சி கேட்டபோதோ, காட்ட எதுவுமில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் நிலை சட்டப்படி தீர்வதற்கு 2003 வரை செல்லவேண்டியிருந்தது. அதற்கிடையில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் கப்பலேறிவிட்டன!

டெய்லர்மீது எனக்குப் பகையில்லை. முதுமை நெருங்குமுன்பே, தோட்டத்தைவிட்டு விலகுமாறு அவரையும் கம்பனியார் கேட்டனர், அவர் மறுத்தார், சில நாட்களில் இறந்தார். கல்லில் அதுவும் இல்லை. முன்னோடி என்று புகழ்ந்தவர்கள், தாங்கள் கைவிட்டவரையும் சேர்த்தே மறைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. கூலியுயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில், கோவிந்தன் என்னும் தொழிலாளி அங்கே பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நான் படித்த பாடநூல் எதிலும் அவர் இல்லை. என் மாணவரில் இருவர் அவர் பெயரை வீட்டிலே கேட்டறிந்திருந்தனர்.

அடுத்த வாரம் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். தத்தம் குடும்பத்தில், இத்தீவுக்கு முதலில் வந்தவர்வரை, தெரிந்த பெயர்களைக் கீழிருந்து மேலாக எழுதி வரவேண்டும். பெயர் மட்டுமே, கதை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் மூன்றாம் பெயரோடு நின்றுவிட்டனர். அந்த மாணவி நான்கு பெயர்கள் எழுதியிருந்தாள். ஐந்தாம் வரியில், “பேர் தெரியவில்லை. கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர் என்று அப்பாயி சொன்னார்” என்று இருந்தது. சிவப்புப் பேனா கையில் இருந்தது. அவ்வரியை நான் வெட்டவில்லை.